கயிறும் கடதாசியும் கேத்திரகணிதமும்

கேத்திரகணிதம் என்னும் சொல்லை, இவ்விழா மலரைக் கையிலெடுத்துள்ள மாணவர்களுள் பலர் கேள்விப்பட்டிருக்கமாட்டார்கள். ‘ஜியோமெற்றி’ என்றால் உடனே விளங்கிக்கொள்வார்கள். இரண்டும் ஒன்றே. ‘கேத்திரம்’ என்பது வயல், நிலம் எனப் பொருள்படும் வடசொல்லின் தமிழ் வடிவமாகும். கிரேக்கச் சொல்லிலும் முற்பகுதி பூமியையும் பிற்பகுதி அளத்தலையும் குறிக்கின்றன. தமிழகத்துப் பாடநூல்கள் இதனை ‘வடிவியல்’ என வழங்கும். ஈழத்துப் பாடசாலைகளிற் படித்த பெற்றோருக்குக் கேத்திரகணிதம் என்பதே பழகிய பெயராதலால் இக்கட்டுரையிலும் அப்பெயரையே கையாளுகின்றேன். எம்மொழியிற் சொன்னாலும் அது நிலத்தை அளந்தவர்களின் கையிலே பிறந்த கலை என்பது பெயரிலேயே வெளிப்படை. அக்கலை இன்று எங்கள் பிள்ளைகளின் கொப்பிக்குள் அடைபட்டுக் கிடக்கின்றது.

வெம்பிளியிலுள்ள எமது வார இறுதிப் பள்ளியிலே பதின்மூன்று முதல் பதினாறு வயது வரையான மாணவர்களுக்கு, தமிழ்ப் பாடத்தின் இறுதி முக்கால் மணித்தியாலத்தைச் செய்முறைக் கேத்திரகணிதத்துக்கென ஒதுக்கிவருகின்றோம். இதனை ஆரம்பித்தபோது பெற்றோர் சிலர் கேட்ட கேள்வி நியாயமானதே. “மாஸ்டர், கணிதத்தை இங்கிலிஷ் பள்ளிக்கூடத்திலே படிக்கினம்தானே. போதாததற்கு ரியூசனுக்கும் விடுகிறோம். தமிழ்ப் பள்ளியிலே தமிழைச் சொல்லிக்கொடுத்தாற் போதாதோ?” என்றார்கள். அக்கேள்விக்கு அன்று நான் சுருக்கமாகச் சொன்ன மறுமொழியை விரிவாக எழுதுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கயிற்றிலிருந்து தொடங்குவோம்.

பன்னிரண்டு சம பாகங்களாக முடிச்சிட்ட கயிறொன்றின் இரு நுனிகளையும் ஒன்றுசேர்த்து, மூன்று மாணவர்களிடம் கொடுத்து, மூன்று, நான்கு, ஐந்து பாகங்கள் அமையும்படி இழுத்துப் பிடிக்கச் சொன்னால், மூன்றும் நான்கும் சந்திக்கும் மூலையிலே செங்கோணம் தோன்றும். அத்திவாரம் வெட்டுமுன் எங்களூர் மேசன்மார் கயிறு கட்டுவதும் இம்முறையிலேதான். பழைய வேள்வி மேடைகளை அமைப்பதற்கான வடமொழி நூல்களுக்குச் ‘சுல்ப சூத்திரங்கள்’ என்று பெயர். சுல்பம் என்றாலே கயிறுதான்.

இதனைச் செய்துகாட்டுவதற்கு மாணவர் ஒருவரின் தந்தையாரை அழைத்தோம். வன்னியிலே பல ஆண்டுகள் கட்டட வேலை செய்தவர். இங்கே பெற்றோர் கூட்டங்களிற் பின்வரிசையில் அமர்ந்து, ஒரு சொல்லும் பேசாமல் எழுந்து செல்பவர். மகனின் வீட்டுப்பாடத்தில் ஒரு வரியேனும் தமக்கு விளங்குவதில்லை என்று என்னிடம் ஒருமுறை கூறியிருந்தார். அன்று மண்டபத்தின் நடுவிலே நின்று, கயிற்றை ஒரு பெருவிரலால் அழுத்திக்கொண்டு, அவர் மாணவர்களிடம் ஒரு கேள்வி கேட்டார்: “மூன்று, நான்கு, ஐந்து அடி எடுத்தாலும் மூலை சரிவரும், ஆறு, எட்டு, பத்து அடி எடுத்தாலும் சரிவரும். நாங்கள் வீடு கட்டும்போது ஏன் பெரியதையே எடுக்கிறோம்?”

வகுப்பு மௌனமாயிருந்தது. பின்னர் கணக்கிட்டுப் பார்த்தோம். ஐந்து அடி நீளத்தை அளக்கையில் அரை அங்குலம் பிசகினால் மூலை ஏறத்தாழ ஒரு பாகை பிசகும். அம்மூலையிலிருந்து 30 அடிச் சுவர் எழுப்பினால் அதன் மறுநுனி ஏறத்தாழ ஆறு அங்குலம் விலகி நிற்கும். பத்து அடி எடுத்து, அதே அரை அங்குலம் பிசகினாலோ விலகல் மூன்று அங்குலமே. “கயிறு நீண்டாற் பிழை குறுகும்” என்றார் அவர். அவருடைய மகன் அன்று முன்வரிசையில் இருந்தான். தந்தையார் பேசிய தமிழ்ச் சொற்களில் இரண்டொன்று விளங்காத நண்பனுக்கு அவனே விளக்கிக்கொண்டிருந்ததைக் கண்டேன்.

கணிதத்தைத் தமிழ்ப் பள்ளியில் ஏன் கற்பிக்கிறீர்கள் என்பதற்கு என்னிடமுள்ள முதல் விடை இதுவே. இந்நாட்டுக்கு வந்தபின் எம்மவருள் எத்தனையோ தாய் தந்தையர், பிள்ளையின் படிப்பைப் பொறுத்தவரையில், பள்ளிக் கட்டணமும் பயணச் செலவும் கொடுப்பவர்களாக மட்டும் ஆகிவிட்டார்கள். ஆங்கிலம் அவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் நடுவே ஒரு மதிலாகி நிற்கின்றது. ஆனால் மூலைமட்டமும் தூக்குக்குண்டும் பிடித்த கை, தையற் கத்தரிக்கோல் பிடித்த கை, வடமிழுத்துத் தேரோட்டிய கை, இவற்றுக்கெல்லாம் கேத்திரகணிதம் தெரியும். புத்தகத்தை மூடிவைத்துப் பொருளைக் கையிலெடுத்தால் மதிலுக்கு இப்பாலுள்ளவர்கள் மீண்டும் ஆசிரியர்களாகலாம்.

ஆயினும் கயிற்றோடு நின்றுவிட்டால் அது கணிதமாகாது. கயிறு காட்டியது பைதகரஸ் தேற்றத்தையன்று, அதன் மறுதலையை. மூன்று பக்கங்களும் இன்ன அளவாயின் மூலை செங்கோணமாகும் என்பது மறுதலை. மூலை செங்கோணமாயின் பக்கங்களுக்கிடையே இன்ன தொடர்பு உண்டு என்பது தேற்றம். பரீட்சையிற் பெரும்பாலும் கேட்கப்படுவது பின்னையது. இவ்வேறுபாட்டைப் பதினான்கு வயதுப் பிள்ளைக்கு உணர்த்துவது கடினம் என்று சொல்வார்கள். கயிற்றைக் கையிற் பிடித்த பிள்ளைக்குக் கடினமன்று. “நீ எதைத் தெரிந்துகொண்டு தொடங்கினாய்? எதைக் கண்டுபிடித்தாய்?” என்ற இரு கேள்விகளே போதும்.

இவ்விடத்திலே, பெற்றோரிடையே அடிக்கடி வலம்வரும் ஒரு செய்தியையும் தொட்டுச் செல்லவேண்டும். செம்பக்கத்தைக் காணத் தமிழர் வர்க்கமூலமே இல்லாத வாய்பாடொன்றை வைத்திருந்தனராம். நீண்ட பக்கத்தில் எட்டிலொரு பங்கைக் கழித்து, குறுகிய பக்கத்திற் பாதியைக் கூட்டினால் விடை வந்துவிடும் என்பதே அது. இதனைப் பெருமையோடு என்னிடம் காட்டியவர்கள் பலர். நான் அதனை வகுப்பிலேயே சோதனைக்கு விட்டேன். மூன்றும் நான்கும்: நான்கில் எட்டிலொன்று போக மூன்றரை, அதனோடு ஒன்றரை, ஐந்து. மிகச் சரி. ஐந்தும் பன்னிரண்டும்: பத்தரையும் இரண்டரையும் பதின்மூன்று. அதுவும் சரி. எட்டும் பதினைந்தும் எடுத்தபோது 17 வரவேண்டிய இடத்தில் 17.125 வந்தது. ஏழும் இருபத்துநான்கும் எடுத்தபோது 25 வரவேண்டிய இடத்தில் 24.5. இரு பக்கமும் ஒன்றேயாயின் 1.414 வரவேண்டிய இடத்தில் 1.375. ஆகவே இது அண்ணளவான வாய்பாடு. தச்சனுக்கும் மேசனுக்கும் அவசரத்துக்கு உதவும் நல்ல வாய்பாடு. தேற்றம் அன்று. பிள்ளைகள் இதனைத் தாங்களே கண்டுகொண்டார்கள். பொய்யான பெருமையைப் பிள்ளைகளிடம் கொடுத்தால், அவர்கள் வளர்ந்து அதனைச் சோதித்தறியும் நாளில் உண்மையான பெருமைகளையும் சேர்த்தே நிராகரித்துவிடுவார்கள் என்பது என் கருத்து.

அண்ணளவு போதாது என்பது தெளிந்த பின்னரே நிறுவலுக்குச் செல்லவேண்டும். அதற்கும் கைவேலை உண்டு. ஒரே அளவான நான்கு செங்கோண முக்கோணிகளைத் தடித்த மட்டையிலே வெட்டியெடுங்கள். செங்கோணத்தை அடைக்கும் இரு பக்கங்களின் கூட்டுத்தொகையைப் பக்கமாகக் கொண்ட சதுரம் ஒன்றைத் தாளிலே வரையுங்கள். மூலைக்கொன்றாக நான்கு முக்கோணிகளையும் வைத்தால் நடுவே சாய்ந்த சதுரமொன்று வெறுமையாக எஞ்சும். அதன் பக்கம் செம்பக்கமாகும். இனி முக்கோணிகளை இரண்டிரண்டாகச் சேர்த்து இரு செவ்வகங்களாக்கி எதிர் மூலைகளுக்கு ஒதுக்குங்கள். இப்போது எஞ்சுவன இரு சிறு சதுரங்கள். மற்றைய இரு பக்கங்களின் மேலமைந்த சதுரங்கள் அவை. பெரிய சதுரமும் மாறவில்லை, முக்கோணிகளும் மாறவில்லை. ஆகவே வெறுமையும் மாறாது. இங்கே அடிமட்டத்தால் அளப்பதற்கு எதுவுமில்லை. அதுவே இதன் சிறப்பு.

சட்டமும் சட்டைத் துணியும்

அடுத்துச் சொல்லவேண்டியது மட்டைக் கீலங்கள் பற்றியது. நான்கு கீலங்களை நுனிகளிலே குண்டூசியாற் பொருத்திச் செவ்வகமாக்குங்கள். விரலால் தள்ளினால் அது சாய்ந்து இணைகரமாகிவிடும். பக்க நீளங்களோ மாறவில்லை. மூன்று கீலங்களை அவ்வாறு பொருத்திப் பாருங்கள், அசையாது. மூன்று பக்கங்களும் தரப்பட்டால் முக்கோணி ஒன்றே ஒன்றுதான் என்பதைக் கைவிரல் உணரும் விதம் இது. படலையில் ஏன் குறுக்குச் சட்டம் அடிக்கிறார்கள், பாரந்தூக்கிகளின் கோபுரமும் மின்கம்பிக் கோபுரங்களும் ஏன் முக்கோணிகளாலேயே பின்னப்பட்டிருக்கின்றன என்பதெல்லாம் இதன்பின் விளக்கமின்றியே விளங்கும்.

நீளம் அகலம் சரியாயிருந்தும் செவ்வகம் சரிந்துபோகக்கூடுமாதலால், மேசன்மார் இரு மூலைவிட்டங்களையும் அளந்து ஒப்பிடுவர். எமது பள்ளி மண்டபத்தின் தரையை மாணவர்கள் அவ்வாறு அளந்தார்கள், மூலைவிட்டங்கள் சமமாயிருக்கவில்லை. வெம்பிளி விளையாட்டரங்கின் உதைபந்தாட்டத் தரையோ 105 மீற்றர் நீளமும் 68 மீற்றர் அகலமும் கொண்டது. அதன் மூலைவிட்டம் எவ்வளவு என்று உதைபந்தாட்டப் பிரியர்களான பையன்களைக் கேட்டால், வேறெந்தக் கணக்குக்கும் காட்டாத வேகத்தோடு 125 மீற்றருக்குச் சற்று மேல் என்று சொல்லிவிடுகிறார்கள்.

கீலங்களை வைத்து விளையாடிக்கொண்டிருந்த நாளொன்றில், மகளை அழைத்துச் செல்ல வந்திருந்த தாயார் ஒருவர் வாசலில் நின்றவாறே, “இது துணியைக் குறுக்காக வெட்டினால் இழுபடுகிறதே, அதுதானே?” என்றார். தையல் வேலை செய்பவர். நான் அதுவரை அவ்விதம் எண்ணிப் பார்த்ததில்லை. துணியின் நெடுக்கிழையும் குறுக்கிழையும் சின்னஞ்சிறு சதுரங்கள். இழையின் போக்கிலே இழுத்தால் துணி இணங்காது. மூலைவாக்கில் இழுத்தால் ஒவ்வொரு சதுரமும் சாய்ந்து சாய்சதுரமாகிக் கொடுக்கும். கழுத்து வளைவுக்கும் கைக் குழியின் ஓரத்துக்கும் வைத்துத் தைக்கும் பட்டியை 45 பாகையில் வெட்டுவதன் காரணம் இதுவே. மறுவாரம் அவர் துணித்துண்டுகளைக் கொண்டுவந்து வகுப்பு நடத்தினார்.

வில்லும் நாணும் தோசைக்கல்லும்

வட்டத்தைப் பற்றிய தேற்றங்களைக் கண்டு இந்நாட்டு ஜி.சி.எஸ்.ஈ. மாணவர்கள் அஞ்சுவது நான் அறிந்ததே. இங்கே தமிழ்ச் சொற்களே எமக்குத் துணைசெய்கின்றன. வட்டப் பரிதியின் ஒரு பகுதிக்கு ‘வில்’ என்றும், அதன் இரு நுனிகளையும் சேர்க்கும் நேர்கோட்டுக்கு ‘நாண்’ என்றும் பெயர். இராமனின் கையிலுள்ள வில்லைப் படத்திற் பார்த்த பிள்ளைக்கு வேறு வரைவிலக்கணம் தேவையில்லை. ஆங்கிலச் சொற்களான ‘ஆர்க்’, ‘கோர்ட்’ என்பனவும் ஆதியிலே வில்லையும் நாணையும் குறித்தவையே; ஆனால் இன்று ஆங்கிலம் பேசும் பிள்ளைக்கு அச்சொற்களின் உட்பொருள் தெரிவதில்லை. எங்கள் சொற்களிலோ அது மறையாமல் இருக்கின்றது. திரிகோணகணிதத்திலே வரும் ‘சைன்’ என்பதன் கதை இன்னும் வேடிக்கையானது. நாண் எனப் பொருள்படும் வடமொழிச் ‘ஜ்யா’ அரபு மொழிக்குச் சென்று, அங்கே மடிப்பு என்னும் பொருளுள்ள வேறொரு சொல்லாகப் பிழைபட வாசிக்கப்பட்டு, அப்பொருளே இலத்தீனில் ‘சைனஸ்’ எனப் பெயர்க்கப்பட்டது.

வீட்டிலுள்ள தோசைக்கல்லைத் தாளின்மேற் கவிழ்த்து ஓரத்தைச் சுற்றிக் கோடிழுங்கள். வட்டம் கிடைத்துவிட்டது, மையம் எங்கே? கவராயத்தால் வரைந்த வட்டத்தில் ஊசி குத்திய துளை மையத்தைக் காட்டிக்கொடுக்கும். தோசைக்கல் அவ்வாறு காட்டிக்கொடாது. ஏதேனும் இரண்டு நாண்களை வரைந்து, ஒவ்வொன்றையும் செங்குத்தாக இரு சமகூறிடும் கோடுகளை அமைத்தால், அவை வெட்டிக்கொள்ளும் இடமே மையம். உடைந்த சட்டியின் ஓட்டுத் துண்டு ஒன்றிலிருந்து முழுச் சட்டியின் அகலத்தைத் தொல்பொருள் ஆய்வாளர் கணிப்பதற்கும் அடிப்படை இதுவேயாகும்.

தச்சர்கள் இதனை இன்னும் எளிதாகச் செய்வர். சதுர மூலையுள்ள எதையாவது, ஒரு கடதாசித் தாளாயினும் சரி, அதன் மூலை பரிதியைத் தொடும்படி வைத்தால், தாளின் இரு விளிம்புகளும் வட்டத்தை வெட்டும் புள்ளிகளைச் சேர்க்கும் கோடு விட்டமாகும். தாளை நகர்த்தி இன்னொரு விட்டத்தையும் பெற்றால், இரண்டும் வெட்டுமிடம் மையம். ‘அரைவட்டக் கோணம் செங்கோணம்’ என்று பாடமாக்கியதன் மறுதலையே இது. இதனைச் செய்த மாணவி ஒருத்தி, “இதைத்தானா சேர் இரண்டு வாரமாக இங்கிலிஷ் பள்ளியில் எழுதினோம்?” என்று கேட்டாள்.

வட்டத்தின் பரப்புக்கும் அடுக்களையே போதும். வட்டமான ரொட்டியொன்றைப் பதினாறு ஆரைச்சிறைகளாக வெட்டி, மேலும் கீழுமாக மாற்றி மாற்றி அடுக்கினால் ஏறத்தாழச் செவ்வகம் தோன்றும். அதன் நீளம் பரிதியிற் பாதி. அகலம் விட்டத்திற் பாதி. பழைய தமிழ்க் கணித நூலான கணக்கதிகாரத்திலே வட்டத்தின் பரப்புக்குச் சொல்லப்படும் விதி, அரைப் பரிதியை அரை விட்டத்தாற் பெருக்குக என்பதுதான். இது அண்ணளவன்று, முற்றிலும் சரியான விதி. மேற்சொன்ன செம்பக்க வாய்பாட்டைக் கைவிட நேர்ந்ததற்காக வருந்திய பெற்றோர்கள் இதனைப் பெருமையோடு எடுத்துக்கொள்ளலாம்.

வெம்பிளி வளைவை அளந்த கதை

எங்களூரிலே பனையின் உயரத்தை நிழலைக்கொண்டு அறிவோம். நட்டுவைத்த தடியின் நிழல் தடியளவு ஆகும் வேளையிலே பனையின் நிழலும் பனையளவு ஆகும். இலண்டனிலே இம்முறைக்கு ஒரு குறை: சூரியன் வரவேண்டும். ஆகவே சாய்வுமானி செய்தோம். பாகைமானியின் நேர்விளிம்பில் உறிஞ்சுகுழாயொன்றை ஒட்டி, அதன் மையத்திலிருந்து நூலிற் கட்டிய சிறு பாரத்தைத் தொங்கவிட்டால் கருவி ஆயத்தம். குழாயைக் கிடையாகப் பிடித்தால் நூல் 90இல் நிற்கும். மேல்நோக்கிச் சாய்த்தால், 90இலிருந்து எவ்வளவு விலகியதோ அதுவே ஏற்றக்கோணம். வீதிவிளக்குக் கம்பத்தின் உச்சி 45 பாகையிலே தெரியும்வரை பின்னோக்கி நடந்து, கம்பத்தடிக்குள்ள தூரத்தோடு கண்ணின் உயரத்தைக் கூட்டினால் கம்பத்தின் உயரம் வந்துவிடும்.

கம்பங்கள் சலித்த பின்னர் விளையாட்டரங்கின் வளைவை அளக்கப் புறப்பட்டோம். 1923இல் எழுந்த பழைய அரங்கின் இரட்டைக் கோபுரங்கள் இடிக்கப்பட்டு, 2007இல் புதிய அரங்கு திறக்கப்பட்டது. அதன் வளைவு 133 மீற்றர் உயரமும் 315 மீற்றர் அகலமும் கொண்டது. எங்கள் பிள்ளைகள் பலருடைய படுக்கையறைச் சாளரத்திலிருந்தே அது தெரியும். ஆனால் இங்கே கம்பத்துக்கு உதவிய முறை உதவாது. வளைவு நிமிர்ந்து நிற்கவில்லை, சாய்ந்து நிற்கின்றது. உச்சிக்கு நேர்கீழே உள்ள இடம் அரங்கின் உள்ளே அகப்பட்டுக்கொண்டது. எனவே அடியை அணுகாமல் அளக்கவேண்டும். வெம்பிளிப் பார்க் நிலையத்திலிருந்து அரங்கை நோக்கி நேராகச் செல்லும் நடைபாதையிலே ஓரிடத்தில் நின்று ஒரு கோணம். அதே நேர்கோட்டிலே பின்வாங்கி நின்று இன்னொரு கோணம். இடைத்தூரத்துக்குப் பத்து மீற்றர்க் கயிறு.

ஒரு குழுவினருக்கு முதலிடத்தில் 30 பாகையும், 130 மீற்றர் பின்னால் 20 பாகையும் கிடைத்தன. திரிகோணகணிதம் படியாத சிறுவர்களும் அக்குழுவில் இருந்தமையால், ஒரு சென்ரிமீற்றருக்கு 20 மீற்றர் என்னும் அளவுத்திட்டத்திலே வரைந்தார்கள். இரு கோடுகளும் வெட்டிய உயரம் 6.4 சென்ரிமீற்றர், அதாவது 128 மீற்றர். கண்ணின் உயரம் ஒன்றரை மீற்றரையும் சேர்க்க 129.5. கரவொலி எழுந்தது. மற்றக் குழுவினர் அதே இடங்களில் நின்று, இரண்டாவது கோணத்தை 21 என வாசித்திருந்தார்கள். அவர்களுடைய விடை 150 மீற்றர்!

ஒரு பாகை வித்தியாசத்துக்கு இருபது மீற்றரா என்று பிள்ளைகள் நம்ப மறுத்தார்கள். வரைபடத்தைப் பார்த்ததும் விளங்கிவிட்டது. இரு பார்வைக் கோடுகளும் மிகக் கூர்மையாக வெட்டுகின்றன. அத்தகைய வெட்டிலே சிறு அசைவும் வெட்டுப்புள்ளியைத் தொலைவுக்குத் தள்ளிவிடும். இரண்டு நிலைகளையும் இன்னும் விலக்கியிருந்தால் பிழை குறைந்திருக்கும். “கயிறு நீண்டாற் பிழை குறுகும்” என்று மேசன் தந்தையார் சொன்னதை ஒருவன் அங்கேயே நினைவூட்டினான். அன்றைய பயணத்தின் பயன் இதுவேயன்றி 133 என்ற எண்ணன்று. அந்த எண் எவருக்கும் கைத்தொலைபேசியிலே கிடைக்கும். நாம் நின்ற பாதையும் அரங்கின் படிக்கட்டுக்கு மேலுள்ள தளமும் ஒரே மட்டத்தில் இல்லையே, எதிலிருந்து அளந்த உயரம் என்று சொல்லவேண்டாமா என்ற வாதம் வீடு திரும்பும்வரை நடந்தது.

அளவும் நிறுவலும்

செய்முறை என்ற பெயரில் வண்ணத்தாள் ஒட்டுவதையும், பைதகரசின் தாடியை வரைந்து சுவரில் தொங்கவிடுவதையும் நான் ஏற்பதில்லை. அதற்குச் செலவாகும் நேரத்திலே ஒரு கணக்காவது செய்யலாம். கையால் செய்யும் வேலை, செய்து முடிந்ததும் ஒரு சந்தேகத்தை எழுப்பவேண்டும். முக்கோணியின் மூன்று மூலைகளையும் கிழித்து அருகருகே வைத்தால் நேர்கோடு தோன்றும். பாகைமானியால் அளந்து கூட்டினாலோ ஒருவனுக்கு 179, இன்னொருத்திக்கு 181, வேறொருவனுக்கு 178. “எல்லோருக்கும் வெவ்வேறாக வருகிறதே, 180 என்று யார் சொன்னது?” என்று பிள்ளை கேட்கும் கணத்திலேதான் நிறுவல் பிறக்கவேண்டும். அதுவரை பொறுத்திருத்தல் ஆசிரியரின் வேலை. உச்சியினூடாக அடிக்குச் சமாந்தரமாக ஒரு கோடு வரைந்தால் ஒன்றுவிட்ட கோணங்கள் வேலையை முடித்துவிடும்.

அதன்பின் நான் ஒரு தோடம்பழத்தை எடுப்பேன். காம்பிலிருந்து நடுக்கோடுவரை ஒரு கோடு; நடுக்கோட்டின் வழியே பழத்தைச் சுற்றிக் கால்வாசித் தூரம்; மீண்டும் காம்புக்கு. மூன்று மூலைகளும் செங்கோணங்கள், கூட்டுத்தொகை 270. அப்படியானால் நிறுவியது பொய்யா? பொய்யன்று, தோடம்பழத்தின்மேல் அத்தகைய சமாந்தரக் கோட்டை வரையவே முடியாது. யூக்கிளிட் தம் நூலின் தொடக்கத்திலேயே சமாந்தரத்தைப் பற்றி ஓர் எடுகோளை ஏன் வேண்டி நின்றார் என்பது, பழம் உரித்துத் தின்னப்படுவதற்கு முன்பே விளங்கிவிடும்.

இம்முறை புதிதன்று. பொறியியலாளரான ஜோன் பெரி 1901இல் கிளாஸ்கோ நகரிலே, பிள்ளைகள் அளந்தும் வரைந்தும் செய்துமே கணிதத்தைக் கற்கவேண்டுமென வாதாடினார். யூக்கிளிட்டின் வரிசையை அப்படியே ஒப்புவிக்கும் வழக்கம் அதன்பின் இங்கிலாந்திலே விரைவிற் தளர்ந்தது. அதற்கும் எட்டு ஆண்டுகள் முன்னரே, 1893இல், சென்னையிலே சுந்தரராவ் என்பவர் கவராயமும் அடிமட்டமும் இன்றிக் கடதாசியை மடித்தே கேத்திரகணிதம் செய்யும் நூலொன்றை ஆங்கிலத்தில் வெளியிட்டிருந்தார். பாலர் வகுப்புகளின் கடதாசி மடிப்பிலிருந்தே அவருக்கு அவ்வெண்ணம் பிறந்தது. ஜேர்மனியக் கணிதமேதை பீலிக்ஸ் கிளைன் அதனைத் தம் விரிவுரையிற் குறிப்பிட, 1901இல் சிக்காகோவிலும் அது பதிப்பிக்கப்பட்டது. நம்முடைய காலத்திலே, சென்னையிற் பள்ளி ஆசிரியராயிருந்த பி. கே. சீனிவாசன் (1924–2005) வெட்டிய தாளையும் கோலப் புள்ளிகளையும் கொண்டே கணிதம் கற்பித்தவர். இராயபுரத்திலுள்ள இராமானுசன் அருங்காட்சியகம் உருவாக உழைத்தவரும் அவரே.

நான் இம்முறைக்கு வந்தது நூல்களைப் படித்தன்று. 2008இல் வன்னியிலே இடம்பெயர்ந்து, மரநிழலில் வகுப்பு நடத்திய நாள்களிலே எங்களிடம் கரும்பலகை இல்லை. கொப்பி வைத்திருந்த பிள்ளைகள் சிலரே. மணல் இருந்தது, கயிறு இருந்தது, தடி இருந்தது. முளையொன்றில் கயிற்றைக் கட்டி மணலிலே வட்டம் போட்டோம். ஆரை என்றால் என்னவென்று அன்று எந்தப் பிள்ளைக்கும் நான் சொல்லவேண்டியிருக்கவில்லை. அவ்வகுப்பிலிருந்த எல்லோரும் இன்று உயிரோடு இல்லை. இங்கே குளிருக்கு மூடிய மண்டபத்திலே, எல்லா வசதியும் உள்ள பிள்ளைகளின் கையிலே கயிற்றைக் கொடுக்கும்போது, அது வறுமையிற் பிறந்த உபாயம் என்பதை நான் சொல்வதில்லை. சொல்லவேண்டிய தேவையும் இல்லை. கயிறு இருவருக்கும் ஒரே விதமாகவே வட்டம் போடுகின்றது.

வரும் தவணைக்கு ஒரு வேலை தருகின்றேன். குடும்பத்தோடு செய்யுங்கள். ஏ-4 தாளொன்றை நெட்டாக வைத்து, நீண்ட விளிம்புகள் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று படும்படி மடித்து விரியுங்கள். நடுவே நெடுக்காக ஒரு மடிப்புக்கோடு விழும். இனிக் கீழ் விளிம்பின் வலது மூலையைத் தூக்கி அந்நடுக்கோட்டின் மேல் வையுங்கள். ஆனால் புதிய மடிப்பு இடது மூலையினூடாகவே செல்லவேண்டும். மூலை பட்ட இடத்திலே புள்ளியிட்டு, தாளை விரித்து, அப்புள்ளியைக் கீழ்மூலைகள் இரண்டோடும் சேருங்கள். கிடைக்கும் முக்கோணியின் கோணங்கள் ஒவ்வொன்றும் எத்தனை பாகை? பாகைமானியைத் தொடாமல் அதனை எப்படி நிச்சயமாகச் சொல்வீர்கள்? அம்மம்மாவிடமோ அப்பப்பாவிடமோ தமிழிலே விளக்கி, அவர் ஒப்புக்கொண்ட பின்பு, மடித்த தாளை வகுப்புக்குக் கொண்டுவாருங்கள்.